கையெழுத்தில்லாத சீட்டு

மலர்க் குழு நண்பர் போன் பண்ணி, "ஹாஸ்டல் மெஸ் கதை, சைக்கிள் கதை எல்லாம் நிறைய வந்துடுச்சு. நீ உருப்படியா ஏதாச்சும் எழுது. நம்ம தொழில் சம்பந்தமா இருக்கட்டும்" என்றார். உருப்படியாக எழுதுவது எனக்குக் கொஞ்சம் பயமான காரியம். முப்பது வருடத்துக்கு மேல் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன், உருப்படியாக எழுத ஆரம்பித்தால் தன் தப்பையும் சேர்த்து எழுத வேண்டி வரும். பரவாயில்லை. இந்த வயதில் நண்பர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நாம் லாலி ரோட்டில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய வருடம் 1971. அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜூன் 1ஆம் தேதி நம் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியப் பூச்சிமருந்துச் சட்டம் அமலுக்கு வந்தது. அதே வருடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், விவசாயிக்குப் பூச்சி மருந்து யோசனை சொல்கிறவர் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முதலாவது நமக்குத் தெரியும். இரண்டாவதைப் பரீட்சைக்குப் படித்தோம். மூன்றாவதை நான் கேள்விப்பட்டதே சர்வீசில் பாதி முடிந்த பிறகுதான். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மருந்துக்கு முன்னால்

நம் கல்லூரியின் கதை சைதாப்பேட்டையில் தொடங்குகிறது. 1868ல் அங்கே அரசுப் பண்ணை, 1876ல் விவசாயப் பள்ளி, 1906ல் கோயமுத்தூர். பூச்சியியல் இங்கே வேர் விட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஃப்ளெட்சர் துரை எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய புத்தகம் 1914ல் வந்தது. டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் கையேடு 1940ல் வந்தது. நம் காலத்தில்கூட லைப்ரரியில் அந்தக் கையேட்டுக்கு 'அட்டை பிய்ந்த அய்யர்' என்றுதான் பெயர்!

டி.டி.டி. வருவதற்கு முந்திய அந்தத் தலைமுறை பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதையே பெரிய ஆயுதமாக நினைத்தது. எப்போது முட்டை இடும், எங்கே கூட்டுப்புழு ஆகும், எந்தச் செடியில் மறைந்து வாழும், அதைத் தின்கிற பூச்சி எது? சட்டமும் அந்தப் போக்கில்தான் இருந்தது. 1919ல் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் வந்தது. அதன்படி, பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைக் குறிப்பிட்ட தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று நம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் உத்தரவு போட்டார்கள். பழைய மாரில் தங்குகிற பூச்சி அடுத்த வெள்ளாமைக்கு வரக்கூடாது என்பதுதான் கணக்கு. ஒரு சொட்டு மருந்து கிடையாது. பின்னாளில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று பெரிய பெயர் வைத்தோமே, அதில் ஒரு பாதி இதுதான்.

முதலாம் வருடம் வலையும் கில்லிங் பாட்டிலுமாக பூச்சி பிடிக்க அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? பெட்டியில் குத்தி, லேபிள் எழுதி, மார்க் வாங்கினோம். பொறிவண்டையும் குத்தினோம், சிலந்தியையும் பார்த்தோம். ஆனால் அந்தப் பொறிவண்டு ஒரு நாளைக்கு எத்தனை அசுவினி தின்னும், அதைக் கொன்றால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்பதை நெஞ்சில் பதிகிற மாதிரி நான் கற்றுக்கொள்ளவில்லை. வாத்தியார்கள் சொல்லியிருப்பார்கள். குற்றம் எனதாகத்தான் இருக்கும்.

மருந்து வந்த பிறகு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி., எண்ட்ரின், பாரத்தியான் எல்லாம் வந்தன. அடித்த மறுநாள் பூச்சி செத்துக் கிடந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 1958ல் ஒரு பெரிய அடி விழுந்தது. கப்பலில் பாரத்தியான் மருந்தோடு சேர்ந்து வந்த உணவுப் பொருளில் விஷம் கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை மாநிலத்திலும் பாதிப்பு இருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. பிறகு நிபுணர் குழு. கடைசியில் 1968ல் பூச்சிமருந்துச் சட்டம்.

விஷம் கலந்த சாவிலிருந்து பிறந்த சட்டம் என்பதால் அதன் கண் முழுக்க மருந்தின் மேலேயே இருந்தது. எந்த மருந்தைப் பதிவு செய்யலாம், எங்கே தயாரிக்கலாம், எங்கே வைக்கலாம், டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று எந்த முக்கோணம் போடவேண்டும் என்பதெல்லாம் அதிலும் அதன் விதிகளிலும் உண்டு. தப்பென்று சொல்லவில்லை. தேவையான சட்டம்தான்.

ஆனால் ஆட்களின் தகுதியைப் பாருங்கள். கடையில் மாதிரி எடுக்கிற இன்ஸ்பெக்டர் பட்டதாரியாக இருக்கவேண்டும். அந்த மாதிரியை லேபில் ஆராய்கிறவருக்கும் படிப்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு வீட்டில் கரையானுக்கு மருந்து அடிக்கிற கம்பெனிக்கும் தகுதி, பயிற்சி, லைசென்ஸ் உண்டு. விற்கிறவருக்கோ லைசென்ஸ் உண்டு, படிப்புத் தகுதி 2015 வரை கிடையாது. "இந்த வயலுக்கு, இந்தப் பூச்சிக்கு, இந்த மருந்தை, இவ்வளவு அடி" என்று வாயைத் திறந்து சொல்கிற ஆளுக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. ஆபீசர் சொல்லலாம், கடைக்காரர் சொல்லலாம், கம்பெனிப் பையன் சொல்லலாம், பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லலாம். சொன்னது பலிக்காவிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை.

1986, பருத்திக் காடு

எண்பதுகளில் உலக வங்கி உதவியோடு 'டி அண்ட் வி' திட்டம் நம் மாநிலத்தில் ஓடியது. டேனியல் பெனோர் என்ற நிபுணர் வகுத்த முறை. ஆராய்ச்சி நிலையத்தில் மாதாந்தரக் கூட்டம், பதினைந்து நாளைக்கு ஒரு பயிற்சி, குறித்த கிழமையில் குறித்த ஊர், தொடர்பு விவசாயி என்று கடிகாரம் மாதிரி ஓடும். நல்ல பக்கமும் உண்டு: அதிகாரி எந்தக் கிழமை வருவார் என்று ஊருக்கே தெரியும். கெட்ட பக்கம், மேலிருந்து வந்த சிபாரிசை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் வேலையாக அது ஆகிவிட்டது. வயலில் இறங்கிப் பூச்சியை எண்ண நேரம் இல்லை. அதோடு துறை டெப்போவிலேயே மருந்தும் விற்றோம். யோசனை சொல்கிறவனும் விற்கிறவனும் நானே. அப்போது அது உறுத்தவில்லை.

புதுசாக வந்திருந்த செயற்கை பைரித்திராய்டு மருந்துகள் பருத்திக் காய்ப்புழுவுக்கு அற்புதமாகக் கேட்டன. அந்த வருடம் ஒரு பெரியவர், நாலு ஏக்கரில் எம்.சி.யு. 5 போட்டிருந்தவர், ரோட்டோரத்தில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏனுங் சார், காயில புழு தொளைக்குதுங். ஒரு மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்."

வண்டியை விட்டு இறங்கவில்லை. காடு நூறு அடி தூரத்தில் இருந்தது. சட்டைப்பை டைரியில் ஒரு தாளைக் கிழித்து, பெட்ரோல் டேங்க் மேலேயே வைத்து, மருந்துப் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தேன். டெப்போவில் இருப்பு இல்லை, கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தேதி போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

முதல் அடியில் புழு பொத்துப் பொத்தென்று விழுந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவர் நாலு முறை அடித்துவிட்டார். எத்தனை முறைக்கு மேல் கூடாது என்று நான் எழுதவில்லையே! மருந்து புழுவோடு சேர்த்துப் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் துடைத்துவிட்டது. காலியான இடத்துக்கு வெள்ளை ஈ வந்தது. இலையெல்லாம் பிசின், பிசின் மேல் கரும்பூசணம், வெடித்த பஞ்சும் ஒட்டிக் கறுத்துவிட்டது. அந்த ஆண்டுகளில் ஆந்திரத்தின் பருத்திப் பகுதிகளிலும் இதே வெள்ளை ஈ வெறியாட்டம் ஆடியது என்பதைப் பிறகு படித்தேன்.

அவர் ஆபீசுக்கு வந்த அன்று எங்கள் மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். பெரியவர் மடித்த சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார்யா எழுதினது? பேரும் இல்லை, தேதியும் இல்லை. கடைக்காரன் கிறுக்கிக் குடுத்திருப்பான்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரியவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாங், கடைக்காரர் குடுத்ததுதானுங்" என்றார் அவர். சீட்டை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த போகம் அவர் பருத்தி போடவில்லை. அந்தக் கடனை எப்படி அடைத்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாற்றல் வந்தது, போய்விட்டேன்.

கலிபோர்னியாவில் என்ன செய்தார்கள்?

சில வருடம் கழித்து ஒரு பயிற்சியில் கலிபோர்னியாச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். என் காதில் முதலில் விழுந்த வார்த்தை 'கையெழுத்து'. அதனால் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

அங்கேயும் ஆரம்பம் நம்மைப் போலத்தான். 1940களில் குதிரைமசால் வயல்களில் ரே ஸ்மித், கென்னத் ஹேகன் போன்ற பூச்சியியலார் ஒன்றைக் கவனித்தார்கள். நாள் பார்த்து மருந்து அடிப்பதைவிட, ஒரு ஆள் வயலில் இறங்கிப் புழுவையும் அதன் ஒட்டுண்ணியையும் எண்ணிச் சொன்னால் பாதி நேரம் மருந்தே வேண்டியதில்லை. 1959ல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான், நாம் மனப்பாடம் பண்ணிய பொருளாதாரச் சேத நிலை என்ற கணக்கு தெளிவாக வந்தது. பூச்சி இருப்பது குற்றம் இல்லை, செலவைவிட நஷ்டம் அதிகமாகும் எண்ணிக்கைக்கு வரும்போதுதான் மருந்து என்பது அதன் சாரம்.

எண்ணிக்கை முக்கியம் என்றால், எண்ணத் தெரிந்த ஆள் முக்கியம். 1971 சட்டத்தின் வேர் அதில் இருக்கிறது. அங்கே பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசகர் ஆக வேண்டுமானால் கல்லூரிப் படிப்பு வேண்டும். சட்டம் பற்றி ஒரு பரீட்சை, அதோடு பூச்சி, நோய், நூற்புழு, களை என்று தனித்தனிப் பிரிவுகளில் பரீட்சை. எந்தப் பிரிவில் தேறினாரோ அதில் மட்டும்தான் யோசனை சொல்லலாம். லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்க அந்த இரண்டு வருடத்தில் 40 மணி நேரம் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும்.

முக்கியமானது சிபாரிசுச் சீட்டு. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் கொடுக்கவேண்டும். எந்த வயல், எந்தப் பயிர், எந்தப் பூச்சி, என்ன மருந்து, என்ன அளவு, பக்கத்தில் என்ன ஆபத்து என்று எல்லாம் இருக்கவேண்டும். மருந்தில்லாத மாற்று வழிகளையும் யோசித்துப் பார்த்தேன் என்று உறுதி சொல்லி, தேதி போட்டு, கையெழுத்துப் போடவேண்டும். தப்பாகச் சொன்னால் லைசென்ஸ் போகும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆலோசகர்களில் பெரும்பகுதி மருந்து விற்கும் நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். யோசனை இலவசம், லாபம் மருந்து விற்பனையில். அந்த நால்வரில் ஒருவரான வான் டென் பாஷ் 1978ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கோளாறைப் போட்டு வாங்கினார். டாக்டரே மருந்துக் கடையில் கமிஷனுக்கு உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. ஆனாலும் ஒன்று: அங்கே சீட்டை மேஜை மேல் வைத்தால் எழுதினது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

இந்தோனேசியா வேறு வழி போனது

லைசென்ஸ் ஒன்றுதான் வழியா என்றால், இல்லை என்று காட்டியது இந்தோனேசியா. அங்கே நெல்லுக்கு மருந்தை அரசு மலிவு விலையில் வாரி இறைத்தது. 1985-86ல் ஜாவாவில் புகையான் வயல் வயலாக எரித்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடுவதன் காரணத்தைப் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்பவர் ஏற்கெனவே ஆராய்ந்து காட்டியிருந்தார். சிலந்தி முதலிய இரைவிழுங்கிகள் சாகின்றன, புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்து பொரிகிறது, தின்ன ஆள் இல்லை. ரோட்டோரத்தில் நான் எழுதிய சீட்டின் கதையேதான்.

1986 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி உத்தரவு ஒன்று போட்டார். நெல்லில் 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை. மருந்து மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989ல் நின்றது. அதே 1989ல் உணவு விவசாய அமைப்பின் உதவியோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது.

அங்கே ஆலோசகரைப் பயிற்றுவித்த முறைதான் என்னை யோசிக்க வைத்தது. அரசின் பூச்சிக் கண்காணிப்பாளர்களை ஒரு முழுப் பருவம், நடவிலிருந்து அறுவடை வரை, தாங்களே நெல் பயிரிடச் சொன்னார்கள். அதன் பிறகே அவர்கள் ஊருக்குப் போய் ஏறக்குறைய 25 விவசாயிகள் கொண்ட பள்ளியை நடத்தினார்கள். வாரம் ஒரு காலை வேளை. வயலில் இறங்கி எண்ணுவது, பெரிய தாளில் பயிரையும் பூச்சியையும் நண்பனையும் படமாக வரைவது, என்ன செய்யலாம் என்று குழுவாக முடிவெடுப்பது. வலை மூடிய தொட்டியில் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக விட்டுப் பார்ப்பார்கள். சிலந்தி தின்பதைத் தன் கண்ணால் பார்த்தவனுக்குப் பிரசங்கம் தேவையில்லை. தொண்ணூறுகளின் முடிவுக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளில் படித்திருந்தார்கள்.

கலிபோர்னியா, சொல்கிறவனைப் பொறுப்பாளி ஆக்கியது. இந்தோனேசியா, கேட்கிறவனை விவரம் தெரிந்தவன் ஆக்கியது. இரண்டில் எது உசத்தி என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். விவரம் தெரிந்த விவசாயி முன்னால் பொறுப்பில்லாத ஆலோசகர் நிற்க முடியாது என்பதே என் அனுபவம்.

நம் ஊரில்

நாமும் சும்மா இருக்கவில்லை. 1985ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைப் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாக ஏற்றது. 1991-92ல் நாடு முழுக்க 26 மையங்களோடு திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் திருச்சியில் மையம். நெல்லுக்கும் பருத்திக்கும் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. நம்மில் பலர் அதில் பயிற்சி எடுத்தோம், கொடுத்தோம். துத்துக்குப் பத்துத் தூர் எண்ணி, "ஒரு தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தபோது, ஒரு அம்மா எழுந்து, "அப்ப சிலந்திக்கும் சேத்து சம்பளம் குடுக்கோணுமா சார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவருக்குப் புரிந்த அளவு எனக்கு 1986ல் புரிந்திருந்தால்!

பள்ளி பருவத்தோடு முடிந்துவிடும். கடை வருஷம் பூராவும் திறந்திருக்கும். விவசாயி கடைசியில் வந்து நிற்கும் இடம் கடைதான் என்பதை அரசும் உணர்ந்தது. 2002ல் விவசாயப் பட்டதாரிகளுக்கான வேளாண் ஆலோசனை, வணிக மையத் திட்டம் வந்தது. 2003ல் ஐதராபாத் 'மேனேஜ்' நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ தொடங்கியது: வாரம் ஒரு நாள், 40 வகுப்பு, 8 வயல் பயணம். முப்பது வருடம் கடை நடத்தியவர்கள் நோட்டும் பேனாவுமாக பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்கிற கேள்விகள் நம் பசங்களைவிடக் கூர்மை.

2015 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. மருந்து விற்பனை லைசென்சுக்கு விவசாயமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடமோ படித்த ஆள் கடையில் இருக்கவேண்டும். பழைய கடைக்காரர்களுக்கு அவகாசம் நீண்டது. பன்னிரண்டு வாரப் படிப்பு போன்ற சலுகை வழிகளும் வந்தன. நல்ல முயற்சி. ஆனால் சில இடங்களில் பட்டதாரியின் சான்றிதழ் சுவரில் சட்டத்துக்குள் தொங்குகிறது, பட்டதாரி வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார்.

2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் விஷம் ஏறி மடிந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, "இந்தக் கலவையை அடிக்கச் சொன்னது யார்?" என்பதுதான்.

விற்பனையையும் யோசனையையும் பிரித்தே தீரவேண்டும் என்று ஃபிரான்ஸ் 2021 ஜனவரி முதல் சட்டம் நடத்திப் பார்த்தது. விற்கிறவர் சொல்லக்கூடாது, சொல்கிறவர் விற்கக்கூடாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தனி ஆலோசகருக்குக் காசு கொடுக்க விவசாயிகள் முன்வரவில்லை, ஆலோசகர்களும் போதவில்லை. 2025ல் வந்த சட்டம் அதைத் தளர்த்திவிட்டது. ஆக, சட்டம் போட்டு மட்டும் முடிகிற காரியம் இல்லை இது.

நம்மால் ஆவது

போன வருடம் நம் ஜூனியர் ஒருவரின் கடைக்குப் போயிருந்தேன். நன்றாகப் படித்த பையன். "அண்ணா, 'மருந்து வேண்டாம், ஒரு வாரம் பொறுங்க'ன்னு நான் சொன்னா, அவர் நேரா எதுத்த கடைக்குப் போயிடுவார். வாடகையை யார் குடுப்பா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பொறுக்கச் சொல்வதற்குக் கூலி கிடைக்காத வரை, எவ்வளவு படித்தவரும் பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார். லைசென்ஸ், பயிற்சி என்று பேசும்போது இந்த வாடகைக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும். மனித வைத்தியத்தில் டாக்டருக்கு ஃபீஸ் உண்டு, மருந்துக் கடைக்கு லாபம் உண்டு. கால்நடைக்கும் டாக்டர் பதிவு செய்துகொள்கிறார். பயிருக்கு மட்டும் வைத்தியர் பதிவு கிடையாது.

அரசு செய்யவேண்டியதை அரசு செய்யட்டும். சங்கத்துக்கு என் யோசனை சின்னது. யார் சொன்னாலும், எழுதிச் சொல்வோம். ஐந்தே வரி போதும்: எந்த வயல், என்ன பூச்சி, எத்தனை எண்ணினேன், நன்மை செய்யும் பூச்சி எத்தனை, மருந்தில்லாமல் என்ன செய்யலாம், மருந்து என்றால் எது, எவ்வளவு, எத்தனை முறைக்கு மேல் கூடாது. கீழே பெயர், தேதி, கையெழுத்து. சர்வீசில் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், என்னைப் போல் ரிடையர் ஆனவர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. வண்டியை விட்டு இறங்கி நூறு அடி நடந்தால் போதும். அந்த நூறு அடிதான் எனக்கு அன்று தூரமாக இருந்தது.

ரிடையர் ஆன பிறகு ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. மகன் தென்னை வைத்திருக்கிறார். நான் யார் என்று சொன்னதும், "அப்பா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காருங்" என்று உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. 1986ல் நடந்ததை நானே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தென்னையில வெள்ளை ஈ வந்திருக்குதுங். பாத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

தோப்புக்குள் போய் ஓலையைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணி, ஒட்டுண்ணி வந்த துளைகளைக் காட்டி, "மருந்து வேண்டாம், தண்ணியப் பீச்சி அடிங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்க, குளவி வேலை செய்யுது" என்று எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டேன். பெயரை முழுதாக எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

சந்திப்புக்கு வரும்போது அந்தச் சீட்டு மாதிரியில் ஐம்பது பேட் அச்சடித்துக் கொண்டு வருகிறேன். ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் வைத்திருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.